பாதியில் நிற்கும் பின்னல்கள்: வாசகர் கேள்வி – பதில்

மகனின் பள்ளிச் சுற்றுலாவுக்கு மஃப்ளர் (இன்னும் 10 நாள்), நாத்தனார் குழந்தைக்கு முன்பக்கம் திறந்த ஸ்வெட்டர் (3 வாரம்), டொரண்டோவுக்குக் கிளம்பும் மாமியாருக்கு முக்கோணச் சால்வை (5 வாரம்). மூன்றுமே பாதியில் நிற்கின்றன. தினமும் 1 மணி நேரம்தான் கிடைக்கிறது. எதை முதலில் எடுப்பது? – வாசகி, கோத்தகிரி

முதலில் அந்தப் ‘பாதி’யை நம்பாதீர்கள். வரிசைகளை விட்டுவிட்டு, மீதமுள்ள கண்ணிகளை (ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி) எண்ணுங்கள். பிறகு கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம் பின்னி, எத்தனை கண்ணி ஆகிறது என்று பாருங்கள். 200 வந்தால் மணிக்கு 1,200. இந்த வேகத்தை வைத்துச் சொல்கிறோம். உங்கள் எண் வேறாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

மஃப்ளர் 36 கண்ணி அகலம், இன்னும் 50 செ.மீ. பின்ன வேண்டும் என்றால் சுமார் 140 வரிசை, 5,040 கண்ணி. நாலேகால் மணி நேரம். ஸ்வெட்டரில் முதுகும் ஒரு முன்பக்கத்தில் பாதியும் முடிந்திருந்தால், 6 மாத அளவுக்கு மிச்சம் ஏறக்குறைய 7,800 கண்ணி, அதாவது ஆறரை மணி. மூட்டுவது, நூல் முனைகளை உள்ளே இழுத்து மறைப்பது, பட்டன் தைப்பது என்று இன்னும் 3 மணி. திட்டம் சறுக்குவது பெரும்பாலும் இந்த 3 மணியில்தான், ஏனென்றால் பலரும் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

சால்வைதான் ஏமாற்றும். கழுத்திலிருந்து தொடங்கி, 2 வரிசைக்கு 4 கண்ணி கூட்டிக்கொண்டே போகும் முக்கோணத்தில், 160 வரிசையில் 80 முடிந்திருந்தால் ஆன வேலை கால் பங்குதான். மொத்தம் சுமார் 25,600 கண்ணி. நீங்கள் பின்னியது 6,400. மீதிக்கு 16 மணி நேரம். மூன்றையும் கூட்டினால் கிட்டத்தட்ட 30 மணி, கையில் இருப்பது 35. சால்வையைத் துவைத்துக் காயவைக்க 2 நாள் போனால் மூச்சுவிட இடமில்லை.

ஆகவே மஃப்ளர், ஸ்வெட்டர், சால்வை என்ற வரிசையிலேயே போங்கள். ஆனால் சால்வையை 140ஆவது வரிசையோடு முடித்துவிடுங்கள். பூ வேலை இருந்தால் ஒரு பூ முழுதாக முடியும் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். அந்தக் கடைசி 20 வரிசை மட்டும் 6,000 கண்ணி, 5 மணி நேரம். மாமியார் தோளில் அது குறைந்தது யாருக்கும் தெரியாது.

ஸ்வெட்டரின் இரண்டு கைகளையும் 80 செ.மீ. வட்ட ஊசி (வளையும் கம்பியால் இணைந்த இரட்டை ஊசி) ஒன்றில், இரண்டு நூல் உருண்டைகளோடு சேர்த்தே பின்னலாம். கண்ணி கூட்டும் இடம் இரண்டிலும் தானாக ஒத்துப்போகும். நேரம் மிச்சமாகாது, ஒரு கை முடிந்ததும் இரண்டாவதைத் தொடங்க வரும் சோம்பல்தான் போகும். ஆனால் நாள் மிகவும் நெருங்கிவிட்டால் இது ஆபத்து, ஒரு கைகூட முடியாமல் நிற்கும். அப்போது கைகளையே விட்டுவிட்டு, கைக்குழியைச் சுற்றி 5 வரிசை ரிப் (இழுத்தால் விரியும் கோடு கோடான பின்னல்) பின்னிக் கையில்லாத ஸ்வெட்டராக முடியுங்கள். பட்டன் பட்டி பின்னுவதற்கு முன்பே பட்டனை வாங்கிவிடுவது நல்லது. துளையை அதன் அளவுக்கு வைக்கலாம்; பிறகு தேடினால் பொருத்தமான பட்டன் கிடைப்பது பாடு.

எட்டு மாதம் கழித்து ஒரு ஸ்வெட்டரைத் தொடர்ந்தேன். விட்ட இடத்தில் கோடு தெரிகிறது, அதற்கு மேல் பின்னல் தளர்வாக இருக்கிறது. ஏன்? – வாசகி, கொடைக்கானல்

கோட்டுக்குக் காரணம், மாதக்கணக்கில் ஊசியிலேயே கிடந்து கண்ணிகள் நீண்டுபோனது. விட்ட இடத்துக்குக் கீழே 2 வரிசை வரை பிரித்துப் பின்னினால் போய்விடும். பழைய இரும்பு ஊசியாக இருந்தால் துருக்கறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தளர்வுக்கு வேறு காரணம்: ஒன்று, ஊசி மாறியிருக்கும் (பழையதை வேறு பின்னலுக்கு எடுத்திருப்பீர்கள்), இல்லை, கை மாறியிருக்கும். பழைய பகுதியில் 10 செ.மீ.க்குள் எத்தனை கண்ணி, புதியதில் எத்தனை என்று அளந்து பாருங்கள். 22க்குப் பதில் 21 இருந்தாலே 53 கண்ணி முதுகு 1 செ.மீ. அகன்றுவிடும். கால் அல்லது அரை மி.மீ. சிறிய ஊசிக்கு மாறிப் பாருங்கள்.

அடுத்த முறை நிறுத்தும்போது வரிசையின் நடுவில் நிறுத்தாமல், கண்ணிகளை ஒரு பருத்தி நூலுக்கு மாற்றி வையுங்கள். ஊசி எண், வரிசை எண், அடுத்து செய்ய வேண்டியது மூன்றையும் சீட்டில் எழுதி அதிலேயே கட்டிவிடுங்கள். ஞாபகம் இருக்கும் என்று நினைப்பது வீண்.

நூல் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதே நிறம் இப்போது கடையில் வேறு சாயலில் இருக்கிறது. – வாசகி, சேலம்

சமையலறை டிஜிட்டல் தராசு போதும். உருண்டையை எடை போட்டு, 10 வரிசை பின்னி, மறுபடி போடுங்கள். 6 கிராம் குறைந்திருந்தால் இன்னும் 40 வரிசைக்கு 24 கிராம் வேண்டும். கடைசி வரிசைக் கண்ணிகள் அவிழாமல் அடைக்க, துணியின் அகலத்தைப்போல 4 மடங்கு நீள நூல் தனியாக இருக்கட்டும்.

நிறம் வேறுபடுவது சாயத் தொகுதி (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூல்) மாறியதால். பழைய நூலில் 2 வரிசை, புதியதில் 2 வரிசை என்று 8–10 வரிசை மாற்றி மாற்றிப் பின்னினால் சேருமிடம் கண்ணை உறுத்தாது. அதற்கும் பழைய நூல் போதாதென்றால் ரிப், பட்டன் பட்டி இரண்டையும் முற்றிலும் வேறு நிறத்தில் போடுங்கள். கிட்டத்தட்ட ஒரே நிறம்தான் அசிங்கமாகத் தெரியும்.

நாளைக் காலை கொடுக்க வேண்டும், துவைத்தது காயவில்லை. இஸ்திரி போடலாமா? – வாசகி, குன்னூர்

முதலில் தடித்த துண்டில் சுருட்டி, அதன்மேல் ஏறி நின்று நீரை எடுங்கள். இன்னொரு காய்ந்த துண்டில் அதையே மறுபடி செய்து, தட்டையாக விரித்து மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையே இழுத்து நீட்டிவிடும். அசல் கம்பளி என்றால், சுருக்கம் நீங்க இஸ்திரிப் பெட்டியைத் தொடாமல் 2 செ.மீ. மேலே பிடித்து ஆவி காட்டலாம். அக்ரிலிக் நூலுக்கு அதுவும் வேண்டாம். சூட்டில் அது துவண்டு போனால் திரும்பாது.