ஹாலில் இருக்கும் செட்டாப் பாக்ஸிலிருந்து மாடி அறை டிவிக்கு 20 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் இழுத்தால் படம் சரியாக வருமா?

வரலாம், வராமலும் போகலாம். எந்தப் படத்தை அனுப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. எங்கள் வீட்டில் இதே 20 மீட்டர் கேபிளைச் சுவருக்குள் பதித்து, ஆறு மாதம் அவதிப்பட்டு, பிறகு அதைப் பிடுங்கி எறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எச்டிஎம்ஐ தரவிதி, கேபிள் இத்தனை மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று எங்கும் வரையறுக்கவில்லை. சிக்னல் மறுமுனையில் போதிய தெளிவோடு வந்து சேர வேண்டும் என்பதே நிபந்தனை. வீட்டு டிடிஎச் பெட்டிகள் பலவும் தரும், வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக அனுப்பும் 1080ஐ (1080i) படத்துக்கு விநாடிக்குச் சுமார் 2.2 ஜிகாபிட் போதும். எல்லா வரிகளையும் ஒருசேர அனுப்பும் 60 பிரேம் 1080பி (1080p) படத்துக்குச் சுமார் 4.5 ஜிகாபிட் வேண்டும். 60 பிரேம் 4கே படம் என்றால் கிட்டத்தட்ட 18 ஜிகாபிட்டைத் தொடுகிறது. அதனால்தான் ஒரே செப்புக் கேபிள் 15 மீட்டரில் 1080ஐ படத்தை ஒழுங்காகக் காட்டிவிட்டு, 4கே பெட்டியை மாட்டியவுடன் கறுப்புத் திரையைக் காட்டுகிறது. சாதாரணச் செப்புக் கேபிளில் 4கே படத்துக்கு ஐந்து மீட்டருக்கு மேல் நான் நம்பிக்கை வைப்பதில்லை.

படம் மட்டுமே அந்தக் கம்பிகளில் போவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். டிவி தன்னால் எந்த அளவுப் படத்தைக் காட்ட முடியும் என்று பெட்டிக்குச் சொல்வதும், நகல் தடுப்புக்காக இரண்டும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்வதும் அதே கேபிளில் உள்ள வேறொரு மெல்லிய இணைப்பு வழியாகத்தான் நடக்கின்றன. நீளம் கூடும்போது அந்தப் பேச்சு தடுமாறினால், படச் சிக்னல் நன்றாக இருந்தாலும் திரை இருண்டுவிடும்.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். மற்றவர்கள் தூங்கிய பிறகும் அதிகாலையிலும் அப்பா மாடியில் செய்தி பார்ப்பார் என்பதற்காக, எலக்ட்ரீஷியன் அண்ணன் காடி வெட்டி 25 மில்லிமீட்டர் பைப் பதித்து, அதில் கேபிளை இழுத்தார். நேரான பைப்பில் போன பிளக், முதல் பெண்டிலேயே சிக்கிக்கொண்டது. டேப் சுற்றினார், சோப்புத் தண்ணீர் விட்டார், கடைசியில் அந்த இடத்தில் மட்டும் பூச்சை உடைத்து பெண்டையே கழற்றித்தான் பிளக்கைக் கடத்தினார். அவ்வளவு பாடுபட்டும், படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கின. அம்மா காலையில் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டால், மாடியிலிருந்து “மறுபடியும் போச்சுப்பா” என்று அப்பாவின் குரல் வரும். சமையலறைக்குப் போகும் மின்வயரும் அதே காடியில் ஒட்டியே சென்றதுதான் காரணம். ஏற்கெனவே விளிம்பில் நின்ற சிக்னலுக்கு மிக்ஸி எழுப்பும் மின் இரைச்சல் ஒன்றே போதுமானதாக இருந்தது.

பிறகு, பழைய கேபிளின் ஒரு முனைப் பிளக்கை வெட்டிவிட்டு, அதன் வாலில் கேட்6 எனும் நெட்வொர்க் கேபிளைக் கட்டி, மறுமுனையிலிருந்து இழுத்து மாற்றினோம். (இழுகம்பியாக மட்டும் அது மிக நன்றாகவே உழைத்தது.) இரு முனைகளிலும், எச்டிஎம்ஐ சிக்னலை அந்தக் கேபிள் வழியாக அனுப்பி மறுமுனையில் திரும்பத் தரும் எக்ஸ்டெண்டர் பெட்டிகளை மாட்டிய நாளிலிருந்து மிக்ஸிக்கும் செய்திக்கும் சண்டையில்லை. கேட்6 கேபிளின் பெரிய வசதி, வெறும் வயராக இழுத்துவிட்டு, பிளக்கைப் பிறகு கிரிம்ப் செய்துகொள்ளலாம் (கருவியால் அழுத்திப் பொருத்திக்கொள்ளலாம்) என்பதே. வாங்கும்போது முழுச் செப்புக் கம்பிதானா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செப்புப் பூசிய மலிவுக் கேபிள் வேண்டாம். சாதாரண எக்ஸ்டெண்டரை இடையில் ரௌட்டரிலோ நெட்வொர்க் சுவிட்சிலோ செருகக்கூடாது, ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்கு நேராகவே போக வேண்டும். அகச்சிவப்பு ரிமோட் சிக்னலையும் திருப்பி அனுப்பும் வகையாகப் பார்த்து வாங்காவிட்டால், சேனல் மாற்ற ஒவ்வொரு முறையும் படியிறங்க வேண்டியிருக்கும்.

4கே படம்தான் வேண்டும் என்றால், படச் சிக்னலை ஒளியாக மாற்றி அனுப்பும் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள் நல்ல வழி. ஆனால் அதற்குத் திசை உண்டு: பெட்டிப் பக்கம் எது, டிவிப் பக்கம் எது என்று முனைகளில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் சுவருக்குள் இழுத்துவிட்டால், மீண்டும் எடுத்துத் திருப்பிப்போட நேரும். கூர்மையாக மடக்கவும் கூடாது.

இரண்டு டிவிக்கும் ஒரே நேரத்தில் படம் வேண்டுமென்றால் ஹாலில் ஒரே சிக்னலை இரண்டாகப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டர் தேவை. ஒரு டிவி பழையதாக இருந்தால், பல ஸ்ப்ளிட்டர்கள் அதன் அளவுக்கே இரண்டுக்கும் படத்தைக் குறைத்துத் தரும். எப்படிச் செய்தாலும் ஹாலில் ஓடும் சேனல்தான் மாடியிலும் ஓடும். ஆளுக்கொரு சேனல் வேண்டுமென்றால் இந்த வேலையில் இறங்காமல் இரண்டாவது கனெக்‌ஷன் எடுத்துவிடுங்கள்.

எந்தக் கேபிளை வாங்கினாலும், கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அதைத் தரையிலும் படியிலும் போட்டு, இரு முனைகளையும் மாட்டி, ஒரு வாரம் பாருங்கள்; அந்த வாரத்தில் மிக்ஸி, மோட்டார், பிரிட்ஜ் எல்லாம் வழக்கம்போல ஓடட்டும். பைப்பை மின்வயரிலிருந்து ஓரடியாவது தள்ளிப் பதியுங்கள், பெண்டுகளைக் குறையுங்கள், உள்ளே ஓர் இழுகம்பியை விட்டுவையுங்கள்.