ஒரே இரவில் யாழ்ப்பாணம் மாறிவிட்டதா? கணக்கு மாஸ்டரிடம் கேட்டவை

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை பாராளுமன்றத் தேர்தல். மறுநாள் ஐப்பசிப் பறுவம், போயா விடுமுறை. அதனால் இந்த முறை ஊரே கவலையில்லாமல் முழித்திருந்தது. எங்கள் வீட்டில் விடியக் கோயிலுக்கு அன்னாபிஷேகம் பார்க்கப் போவதாக இருந்தது. மனைவி மட்டும் போய்வந்தா. நான் ரேடியோவுக்குப் பக்கத்தில் கொப்பியும் பேனையுமாக இருந்தேன்.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். யாழ். மத்திய கல்லூரியில் பல தேர்தல்களுக்கு வாக்கெண்ணும் கடமைக்குப் போனவன். அது தெரிந்து இரண்டு நாளாகக் கேள்விகள் வந்து குவிகின்றன. நடந்தது இதுதான்: 225 ஆசனங்களில், தெற்கைத் தளமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்கு 159. 22 தேர்தல் மாவட்டங்களில் 21இல் அதுவே முதலிடம். அந்த 21இல் யாழ்ப்பாணமும் ஒன்று. தூக்கம் கலைந்தது அந்தக் கடைசி வரிக்குத்தான்.

கொக்குவிலில் இருந்து: மாஸ்டர், தபால் முடிவில் திசைகாட்டி முன்னுக்கு வந்தவுடன் "அது ஆமிக்காரற்ற வாக்கு, விடிய மாறும்" எண்டு சொல்லிப்போட்டு அப்பா படுத்திட்டார். உண்மையோ?

அப்பா நிம்மதியாக நித்திரை கொண்டிருக்கிறார், அதுவரை சரி. பலாலி முகாமில் கடமையில் இருக்கும் காலிக்காரரின் தபால் வாக்கு காலி மாவட்டக் கணக்கில்தான் விழும். எங்கே பதிவோ அங்கேதான் எண்ணிக்கை. யாழ்ப்பாணத் தபால் வாக்கு யாழ்ப்பாணத்தில் பதிந்த அரச ஊழியர்களுடையது. எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர்கள், ஆஸ்பத்திரித் தாதிமார், கச்சேரி (மாவட்டச் செயலக) எழுதுவினைஞர்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்ததும் அதனால்தான். தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கூட்டம் அது.

கனடா, ஸ்காபரோவில் இருந்து: எங்களுக்கு இங்கே பத்தரை மணித்தியாலம் பிந்தி. வேலைத்தலத்தில் மேசைக்குக் கீழே போனை வைத்துப் பார்த்தேன். 24.85 சதவீதம் எடுத்த கட்சிக்கு ஆறில் மூன்று ஆசனம். இதில் கள்ளம் இல்லையா?

கள்ளம் இல்லை. கணக்கு. கொஞ்சம் பொறுமையாக வாருங்கள், இதைத்தான் எல்லோரும் கேட்கிறீர்கள்.

யாழ். மாவட்டத்தில் செல்லுபடியான வாக்குகள் சுமார் 3 லட்சத்து 25 ஆயிரம். திசைகாட்டி 80,830. தமிழரசின் வீடு 63,327. தமிழ்க் காங்கிரஸின் சைக்கிள் 27,986. டொக்டர் அர்ச்சுனாவின் சுயேச்சைக் குழு, ஊசிச் சின்னம், 27,855. முதல் படி, மொத்தத்தில் 5 சதவீதம் எடுக்காதவர்களை வெட்டி எறிய வேண்டும். இங்கே வெட்டுப்புள்ளி ஏறத்தாழ 16,000. அதைத் தாண்டியவர்கள் மேலே சொன்ன நால்வரும், ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணியின் சங்கும், ஈ.பி.டி.பி.யின் வீணையும். ஆறு பேருக்கும் விழுந்ததைக் கூட்டினால் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம்.

மற்ற 85,000? காற்றில் போயிற்று. திசைகாட்டி எடுத்த வாக்கைவிட அது அதிகம் என்பதை ஒருக்கால் யோசியுங்கள். வாக்குச்சீட்டில் 23 கட்சிகள், 21 சுயேச்சைக் குழுக்கள். ஆறு ஆசனத்துக்கு 396 வேட்பாளர்கள். ஒவ்வொரு சந்தியிலும் ஒரு தலைவர் நின்றால் இதுதான் நடக்கும்.

இரண்டாவது படி. ஆறில் ஒரு ஆசனம் போனஸ், முதலிடத்துக்கு. திசைகாட்டிக்கு 1. மிச்சம் ஐந்து. 2 லட்சத்து 40 ஆயிரத்தை ஐந்தால் பிரித்தால் ஓர் ஆசனத்தின் விலை 48,000 சொச்சம். அந்த விலையை முழுசாகக் கொடுக்கக்கூடியவர்கள் இரண்டே பேர்: திசைகாட்டிக்கு இன்னொன்று, வீட்டுக்கு ஒன்று. இப்போது இருவருடைய கையிலும் மிஞ்சியதைப் பாருங்கள். திசைகாட்டியிடம் 32,000 சொச்சம். வீட்டிடம் 15,000 சொச்சம். மிச்சம் மூன்று ஆசனமும் பெரிய மீதி வைத்திருப்பவர்களுக்கு. திசைகாட்டியின் 32,000, சைக்கிளின் 27,986, ஊசியின் 27,855. முடிந்தது. திசைகாட்டி 3, மற்ற மூவருக்கும் ஒவ்வொன்று.

63,000 எடுத்த வீட்டுக்கும் ஒன்று, அதில் பாதியும் எடுக்காத ஊசிக்கும் ஒன்று. மீதிக் கணக்கின் குணம் அப்படி.

அவரே மறுபடியும்: அப்போ எல்லாத் தமிழ்க் கட்சியும் ஒன்றாக நின்றிருந்தால்?

எல்லாம் வேண்டாம். வீடும் சைக்கிளும் மட்டும் ஒரே பட்டியலில் நின்று, இதே வாக்கு அப்படியே விழுந்திருந்தால் 91,313. முதலிடம் அவர்களுக்கு, போனஸும் அவர்களுக்கு. போட்டுப் பார்த்தேன்: கூட்டு 3, திசைகாட்டி 2, ஊசி 1. ஒரேயொரு ஆசனம்தான் கைமாறியிருக்கும். ஆனால் "யாழ்ப்பாணத்தைத் திசைகாட்டி பிடித்தது" என்ற தலைப்புச் செய்தி இருந்திருக்காது.

இது கடதாசியில்தான். சைக்கிளுக்குப் போட்டவர்களில் பாதிப்பேர் வீட்டோடு கோபித்துக்கொண்டுதான் அங்கே போனவர்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் அவர்கள் வாக்களிக்கவே போகாமல் படுத்திருப்பார்கள்.

சென்னையில் இருந்து: கால்வாசி வாக்குக்குப் பாதி இடம் என்பது அநியாயமாக இல்லையா?

நீங்கள் கேட்கிறீர்களே! 2024 ஜூனில் வந்த மக்களவைத் தேர்தல் முடிவில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 47 சதவீதம் எடுத்த கூட்டணிக்கு 39க்கு 39. எங்கள் முறையில் தோற்றவருக்கும் ஒரு கதிரையாவது மிஞ்சுகிறது.

நல்லூரில் இருந்து: எனக்கு 23 வயது. திசைகாட்டிக்குத்தான் போட்டேன். அம்மா இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கிறா இல்லை. நீங்களும் இது வெறும் கணக்கு, அலை ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லப்போகிறீர்களா?

இல்லை, தங்கச்சி. ஆசனம் மூன்று ஆனதுதான் கணக்கு. 80,830 கணக்கு இல்லை, அது மனம் மாறியது.

செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் இதே மாவட்டத்தில் திசைகாட்டியின் தலைவர் அநுர குமார திசாநாயக்கவுக்கு விழுந்தது 27,086. ஏழு சதவீதம் சொச்சம். அன்றைக்கு சஜித் பிரேமதாசவுக்கும் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கும் ரணில் விக்கிரமசிங்கவுக்கும் பின்னால் நாலாவதாக நின்றவர். 54 நாளில் அவருடைய கட்சிக்கு மூன்று மடங்கு. அதுவும் வாக்களிப்பு வீதம் நாடு முழுக்க 79இலிருந்து 69க்கு விழுந்த தேர்தலில். நான் முடிவுகளைக் கொப்பியில் எழுதத் தொடங்கிய இத்தனை வருடத்தில் யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு பாய்ச்சலை எழுதியதில்லை.

ஏன் என்று கேட்டால் என்னுடைய எண்ணத்தைச் சொல்கிறேன். நவம்பர் 1இல் பலாலி – அச்சுவேலி வீதியில் 34 வருடமாகப் பூட்டிக்கிடந்த பகுதியைத் திறந்தார்கள். அதற்கு அடுத்தடுத்த நாளே ஊர்ச் சனம் சும்மா ஒருதரம் அந்த வழியால் மோட்டார் சைக்கிளில் போய்வந்தது. ஒரு வேலையும் இல்லை, பார்க்கத்தான். நானும் போனேன். வயிற்றில் என்னவோ செய்தது. அப்படி ஒரு வீதி ஆயிரம் வாக்கு கொண்டுவரும்.

ஆனால் பெரிய காரணம் இந்தப் பக்கம். 2020இல் 10 ஆசனம் வைத்திருந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உடைந்தது. தமிழரசுக்குள் தலைவர் தெரிவு நீதிமன்றம் வரை போனது. பொது வேட்பாளரை ஆதரிப்பதா, சஜித்தையா என்று ஒரே கட்சிக்காரர் இரண்டு மேடையில் ஏறினார்கள். சனம் களைத்துப்போயிற்று. உங்களைப் போல 2009க்குப் பிறகு பள்ளிக்கூடம் போன பிள்ளைகளிடம் "வீடு எங்கட சின்னம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் போதுமா?

அம்மாவின் பக்கமும் ஒன்று இருக்கிறது, அதையும் கேளுங்கள். வடக்கு – கிழக்கு இணைப்பு செல்லாது என்று 2006இல் உயர்நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கியது திசைகாட்டியின் தாய்க்கட்சியான ஜே.வி.பி. போட்ட வழக்கு. அதை நினைவில் வைத்திருப்பவர் கோபப்படத்தான் செய்வார். அதோடு, மாவட்டத்தில் நாலு பேர் வாக்களித்தால் மூன்று பேர் திசைகாட்டிக்குப் போடவில்லை. "வடக்கு எங்களோடு வந்துவிட்டது" என்று கொழும்பில் எழுதுபவர்கள் இதைப் படிக்காமல் எழுதுகிறார்கள். அடுத்த முறை இந்த வாக்கு இப்படியே நிற்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

மட்டக்களப்பில் இருந்து: திசைகாட்டி பிடிக்காத அந்த ஒரு மாவட்டம் நாங்கதான் சேர்! எங்களைப் பற்றி ஒருத்தரும் எழுதல்ல.

எழுதுகிறேன். வீடு 3, திசைகாட்டி 1, முஸ்லிம் காங்கிரஸ் 1. உங்களுக்குப் பிள்ளையானின் கட்சி, படகுச் சின்னம், எதிரில் நின்றது. எதிரி கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது வாக்கு சிதறாது. எங்களுக்கு இங்கே எதிரி யார் என்பதிலேயே ஆளுக்கொரு அபிப்பிராயம். வீணைக் கட்சித் தலைவர் டக்ளஸ் தேவானந்தா 1994இல் இருந்து பாராளுமன்றத்தில் இருந்தவர், இம்முறை அவரும் தோற்றுப்போனார். அதைக்கூட இங்கே பெரிதாக ஒருவரும் கதைக்கவில்லை.

லண்டனில் இருந்து: கட்சி முடிவுகள் இரவோடு இரவாக வந்தன. தமிழரசின் சுமந்திரன் தோற்றுவிட்டார் என்பது மட்டும் ஏன் இழுபட்டது? உள்ளே என்னதான் செய்வீர்கள்?

முதலில் கட்சி வாக்கு. பெட்டியைக் கொட்டி, வாக்கெடுப்பு நிலையத்தார் எழுதிக்கொடுத்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, சின்னம் சின்னமாகப் பிரித்துக் கட்டுவோம். கட்சி முகவர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அது முடிந்த பிறகுதான் விருப்பு வாக்கு, அதாவது அந்தக் கட்சியில் எந்த வேட்பாளர் என்பது. ஒரு சீட்டில் மூன்று வேட்பாளர் இலக்கம் வரை வெட்டலாம். ஆகவே அதே கட்டுகளை மறுபடி அவிழ்த்து, ஒருவர் இலக்கத்தை வாசிக்க, ஒருவர் கோடு போட, ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விடியப்புறம் மூன்று மணிக்கு 6 எது 9 எது என்று கண் தடுமாறும். சீனி கூடிய தேத்தண்ணீர் அந்த நேரத்தில்தான் வரும்.

வீட்டுக்கு ஓர் ஆசனம் என்பது இரவிலேயே தெளிவு. அந்த ஒன்று யாருக்கு என்பது விருப்பு வாக்கில் இருந்தது. அதே பட்டியலில் நின்ற சிறீதரன் முந்திவிட்டார். ஓர் ஆசனம் மட்டும் கிடைக்கும் கட்சியில் உங்கள் போட்டியாளர் உங்கள் பட்டியலிலேயே இருப்பவர்தான். அதைச் சந்திக்குச் சந்தி ஒட்டிய சுவரொட்டிகளிலேயே பார்த்தோம்.

நிராகரித்த சீட்டுகளையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் மட்டும் 30,000க்கு மேல். சைக்கிளுக்கு விழுந்ததைவிட அதிகம். இரண்டு சின்னத்துக்குப் புள்ளடி போட்டது, ஒன்றுக்குமே போடாமல் இலக்கத்தை மட்டும் வெட்டியது, இப்படி. பல வருடத்துக்கு முன் ஒரு சீட்டு என் கைக்கு வந்தது. புள்ளடியே இல்லை. நல்ல முத்து முத்தான எழுத்தில், "எங்கட ரோட்டு?" என்று மட்டும். முகவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் உரிமை கோரவில்லை.

கொழும்பில் இருந்து: விகிதாசார முறையில் மூன்றில் இரண்டு வரவே வராது என்று எங்களுக்குப் படிப்பித்தார்களே?

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வென்ற பக்கத்துக்கு 2010இல் 144, 2020இல் 145, இரண்டு முறையும் 150ஐத் தொடாமல் நின்றது. இம்முறை 159. நான் கவனிக்கச் சொல்வது எதிர்ப்பக்கத்தை. செப்டம்பரில் சஜித்துக்கு 43 லட்சத்துக்கு மேல். நவம்பரில் அவருடைய கட்சிக்கு 20 லட்சமும் இல்லை. திசைகாட்டி கூட்டியது 12 லட்சம்தான். மற்றப் பக்கத்தார் வாக்களிக்கப் போகாமல் இருந்துவிட்டார்கள்.

ஹற்றனில் இருந்து: எங்கட பக்கமும் சொல்லுங்க ஐயா.

நுவரெலியாவில் எட்டில் ஐந்து திசைகாட்டிக்கு. ஜீவன் தொண்டமான் ஐக்கிய தேசியக் கட்சியின் யானைச் சின்னத்தில் நின்று தப்பினார். அந்த இரவில் எனக்கு மெய்யாகவே சந்தோஷம் தந்தது மாத்தறைதான். சிங்கள வாக்காளர்கள் மிகப் பெரும்பான்மையான மாவட்டத்தில் சரோஜா போல்ராஜ் என்ற தமிழ்ப் பெண்ணுக்கு ஒன்றரை லட்சத்துக்குக் கிட்ட விருப்பு வாக்கு. இலக்கத்தைப் பிழையாக எழுதிவிட்டேனோ என்று இரண்டுதரம் பார்த்தேன்.

மானிப்பாயில் இருந்து, சாதாரண தரம் எடுக்கப்போகும் ஒருவர்: சேர், வன்னியிலும் ஆறு ஆசனம், திசைகாட்டிதான் முதலிடம். ஆனால் அங்கே 2தானே வந்தது, ஏன் 3 இல்லை?

நல்ல கேள்வி, ஆனால் விடையை நான் தரமாட்டேன். தேர்தல்கள் ஆணைக்குழுவின் முடிவை எடுங்கள், 5 சதவீதத்துக்குக் கீழே வெட்டுங்கள், போனஸை ஒதுக்குங்கள், ஐந்தால் பிரியுங்கள். திசைகாட்டியின் கையில் மிஞ்சுவது எவ்வளவு, மற்றவர்களிடம் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். செய்கை வழியோடு அனுப்புங்கள், வெறும் விடைக்கு நான் புள்ளி போடுவதில்லை.