பிடிஎஃப் பக்கத்தை ஏ4-க்குள் அடக்குவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, அமெரிக்காவிலிருந்து வரும் இன்வாய்ஸ் எல்லாம் லெட்டர் அளவு. பைதான் புரோகிராமில் பிடிஎஃப் பக்கத்தின் ‘மீடியாபாக்ஸ்’ என்ற அளவை ஏ4 ஆக்கினேன். வலது ஓரத்தில் இருக்கும் தொகை வெட்டுப்படுகிறது. ஏன்?

பதில்: மீடியாபாக்ஸ் தாளின் அளவை மட்டும்தான் சொல்கிறது தம்பி. அதை மாற்றினால் தாள் மாறும், எழுத்து இருந்த இடத்திலேயே இருக்கும். லெட்டர் 612 × 792 பாயிண்ட், ஏ4 595.28 × 841.89. 72 பாயிண்ட் ஓர் அங்குலம். ஏ4 உயரம் கூடுதல், அகலம் சுமார் 17 பாயிண்ட் குறைவு. உங்கள் தொகை போனது அந்த 17-இல்தான்.

உள்ளடக்கத்தையும் சுருக்க வேண்டும். ஏ4 அகலத்தை லெட்டர் அகலத்தால் வகுத்தால் 0.973, ஏ4 உயரத்தை லெட்டர் உயரத்தால் வகுத்தால் 1.063. சிறியதை எடுத்து இரண்டு திசைக்கும் அதையே போடுங்கள். மேலேயும் கீழேயும் தலா சுமார் 36 பாயிண்ட், அதாவது அரை அங்குலம் மிஞ்சும். அந்த அளவு மேலே நகர்த்தினால் நடுவில் உட்காரும்.

கேள்வி: பைபிடிஎஃப் என்ற பைதான் லைப்ரரியில் ‘ஸ்கேல் டூ’ போட்டேன். வட்டமான லோகோ முட்டை மாதிரி ஆகிவிட்டது.

பதில்: அது அகலத்தையும் உயரத்தையும் தனித்தனி விகிதத்தில் இழுக்கிறது. ஏ4 அளவில் வெற்றுப் பக்கம் ஒன்றை உருவாக்கி, மூலப் பக்கத்தை ஒரே விகிதத்தில் சுருக்கி அதன்மேல் ஒட்டுங்கள். பைமுபிடிஎஃப் என்ற இன்னொரு லைப்ரரியைப் பயன்படுத்தினால் ‘ஷோ பிடிஎஃப் பேஜ்’ விகிதம் கெடாமல் தானே பொருத்தும். ஆனால் லிங்க்குகளைக் கொண்டுவராது.

கேள்வி: 200 பக்கத்தில் நாலைந்து மட்டும் படுத்துக்கொள்கின்றன, ஒன்றிரண்டு பாதி வெளியே போகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே புரோகிராம் கோடுதான் சார்.

பதில்: இதில்தான் நிறையப் பேர் நாள்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். படுக்கும் பக்கங்களில், பக்கத்தை எத்தனை டிகிரி திருப்பிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் ரொட்டேட் மதிப்பு 90 அல்லது 270 என்று இருக்கும். ஸ்கேன் செய்த தாள்களில் இது சகஜம். திரையில் நீங்கள் பார்ப்பது திருப்பிய பக்கம். கோப்பில் எழுதியிருப்பது திருப்பாத அளவு. பைபிடிஎஃப்-இல் ‘டிரான்ஸ்ஃபர் ரொட்டேஷன் டு கண்டென்ட்’ என்று ஒரு வசதி உண்டு. கணக்குப் போடுவதற்கு முன்பே அதை ஓட்டிவிடுங்கள்.

வெளியே போகும் பக்கங்களில் இடது கீழ் மூலை 0, 0 ஆக இருக்காது. எல்லாப் பக்கமும் பூஜ்யத்தில் தொடங்கும் என்று எந்த விதியும் இல்லை. மூலையின் மதிப்பை விகிதத்தால் பெருக்கி நகர்த்தும் அளவிலிருந்து கழியுங்கள். பக்கத்தில் காட்ட வேண்டிய பகுதியைக் குறிக்கும் கிராப்பாக்ஸ் இருந்தால் அதையே அளவாக எடுங்கள். வாசகர் கண்ணில் படுவது அந்தப் பகுதிதான்.

கேள்வி: சுருக்கினால் தமிழ் எழுத்து உடையுமா?

பதில்: உடையாது. கொம்பு, கால் எல்லாம் எங்கே நிற்க வேண்டும் என்பது கோப்பில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. நாம் மாற்றுவது அளவை மட்டுமே. உடைந்து தெரிந்தால் ஃபாண்ட் கோப்புக்குள் பதியப்படவில்லையா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: கோடு எழுதாமல் ஒரே கட்டளையில் முடியாதா?

பதில்: முடியும். கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளின் கட்டளையில் பேப்பர்சைஸ் ஏ4, ஃபிக்ஸ்டுமீடியா, பிடிஎஃப்ஃபிட்பேஜ் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். பிரிண்டருக்கு மட்டும் என்றால் இதுவே போதும்.

கேள்வி: டிஜிட்டல் கையொப்பம் உள்ள ஒப்பந்தத்தை ஏ4 ஆக்கலாமா?

பதில்: மூலக் கோப்பில் தயவுசெய்து கை வைக்காதீர்கள். பக்கத்தைச் சுருக்கினால் அந்தக் கையொப்பம் செல்லாது. அச்சுக்கென்று தனி நகல் எடுத்து, அதன் பெயரிலேயே ‘அச்சு நகல்’ என்று எழுதி வையுங்கள்.