ரிப்போர்ட்ல தடிச்ச எழுத்து வந்தாலே வியாதியா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 42, காசிமேட்டுல மீன் யாவாரம். தலை சுத்துதேன்னு லேப்ல ரத்தம், யூரின் ரெண்டும் குடுத்தேன். ஹீமோகுளோபின் 9.8, எம்சிவி 71, வெறும் வயித்து சுகர் 108, ஹெச்பிஏ1சி 6.1, கிரியேட்டினின் 0.8, யூரின்ல பஸ் செல் 8-10, எபிதீலியல் செல் நெறைய, புரோட்டீன் இல்ல. பாதி நம்பர் தடிச்ச எழுத்துல இருக்கு. பக்கத்து வீட்டு அக்கா பாத்துட்டு சுகர் வந்துருச்சு, கிட்னியும் போச்சுங்குது. தூக்கமே வரல.

பதில்: அந்த அக்கா எந்த காலேஜ்ல படிச்சாங்கன்னு கேட்டு எழுதுங்க! நார்மல் அளவ விட்டு கூடக் கொறைய இருந்தா லேப்ல தடிச்ச எழுத்துல போடுவாங்க, அதுக்காக எல்லாமே வியாதின்னு இல்ல. கிட்னிக்குப் பாக்குற கிரியேட்டினின் 0.8 நார்மல்தான், யூரின்ல புரோட்டீனும் இல்ல, அப்புறம் எப்டி போகும். பஸ் செல், அதாவது சீழ்ல இருக்குற வெள்ளை அணு, 5-க்கு மேல இருந்தா இன்ஃபெக்ஷனான்னு யோசிப்போம், ஆனா எபிதீலியல் செல் நெறைய இருக்குன்னா தோல்ல இருந்து கலந்திருக்கு, சாம்பிள் சரியா புடிக்கலன்னு அர்த்தம். காலையில வீட்லயே புடிச்சு, ஏலம் முடியிற வரைக்கும் பையில வச்சிருந்து குடுத்தீங்களா? வெயில்ல அது கெட்டுப்போயிடும். கழுவிட்டு, முதல்ல கொஞ்சம் விட்டுட்டு நடுவுல வர்றத லேப்லயே புடிச்சு குடுங்க. எரிச்சல், காய்ச்சல் இருந்தா மட்டும் லேட் பண்ணாதீங்க.

உங்க ரிப்போர்ட்ல நான் பாக்குறது ஹீமோகுளோபின்தான். பொம்பளைங்களுக்கு 12-ஆவது வேணும், உங்களுக்கு 9.8, தலை சுத்தாம என்ன பண்ணும். எம்சிவிங்கிறது சிவப்பணு சைஸு, 80-க்கு கீழ போனா பெரும்பாலும் இரும்புச்சத்து பத்தலன்னு அர்த்தம், சில பேருக்கு பரம்பரையாவும் அப்டி இருக்கும், அதனால உடம்புல சேந்திருக்குற இரும்புச்சத்த காட்டுற ஃபெரிட்டின் டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுங்க. பீரியட்ஸ் அதிகமா போகுதான்னு டாக்டர் கேப்பாங்க, கூச்சப்படாம சொல்லுங்க, நாப்பதுக்கு மேல ரொம்ப பேருக்கு காரணமே அதுதான்.

வெறும் வயித்து சுகர் 126 வந்தாதான் வியாதி கணக்கு, 100-ல இருந்து 125 வரைக்கும் பார்டர். மூணு மாச சராசரி சுகர காட்டுற ஹெச்பிஏ1சி-யும் 6.5-க்கு கீழதான் இருக்கு. இன்னொண்ணு, இரும்புச்சத்து கம்மியா இருந்தா அந்த 6.1-ஐ கொஞ்சம் ஏத்திக் காட்டியிருக்கலாம். ஹீமோகுளோபின் ஏறினதுக்கு அப்புறம், ஒரு மூணு மாசம் கழிச்சு திரும்ப பாருங்க. அதுவரைக்கும் நாஸ்தாவோட டீ குடிக்கிறத மட்டும் நிறுத்துங்க, டீ இரும்புச்சத்த உடம்புல சேர விடாது, ஒரு மணி நேரம் தள்ளி குடிச்சுக்கலாம்.