ஜப்பானின் தகாமட்சு நகரில் வாடகைக் கார் எடுத்து உடோன் கடைகளுக்குப் போவது பற்றி

நான்கு நாளில், தகாமட்சு இருக்கும் ககாவா மாகாணத்தின் உடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) கடைகளும் மலைப்பகுதியான இயா பள்ளத்தாக்கும் பார்க்க வேண்டும், இந்திய லைசென்ஸ் மட்டும் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. கிளம்பும் முன்பே உங்கள் ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். ஜப்பான் ஏற்பது 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கைப்படியான அனுமதிப் புத்தகத்தை மட்டும்தான். அசல் லைசென்ஸும் பாஸ்போர்ட்டும் கூடவே இருக்கட்டும். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அந்தக் கவலை வேண்டாம்.

பெரிய வண்டி கேட்காதீர்கள். மஞ்சள் நம்பர் பிளேட் போட்ட குட்டி 'கெய்' காரே போதும். இயா மலைச் சாலையில் எதிரே ஒரு வண்டி வந்தால் ஏன் என்று புரியும். நேவிகேஷனில் கடையின் பெயரை விட தொலைபேசி எண்ணைத் தட்டுவது சுலபம்.

உடோனைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பல கடைகள் மாவு தீர்ந்ததும், மதியம் இரண்டு மணிக்குள்ளேயே கூட, மூடிவிடுவார்கள். சைவம் என்றால் கவனம்: குழம்பில் பெரும்பாலும் நெத்திலிக் கருவாட்டுச் சாறு இருக்கும். அப்புறம், ஓட்டுபவர் ஒரு வாய் சாகே (அரிசி மது) கூடக் குடிக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் சேர்த்துத் தண்டனை உண்டு.