முகப்பு இருக்கட்டும், பின்பக்கம் போய்ப் பாருங்கள்

கேள்வி: இங்கிலாந்தின் பாத் நகரில் 1790களில் கட்டப்பட்ட தொடர் வீடு ஒன்றை வாங்கப்போகிறோம். பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இரண்டாம் தரத்தில் இருக்கிறது. பின்பக்க ஜன்னல்களை மட்டும் யாரோ பிளாஸ்டிக்கில் மாற்றியிருக்கிறார்கள். “பட்டியல் முகப்புக்குத்தான், உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றலாம்” என்கிறார் தரகர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். பட்டியல் வீடு முழுவதற்கும் பொருந்தும். மாடிப்படி, கணப்பு மாடம், விட்டத்துச் சுதைவேலை எல்லாமே அதில் அடக்கம். வீட்டின் தன்மையைப் பாதிக்கும் மாற்றத்தை அனுமதியின்றிச் செய்வது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வழக்கு என்று வந்தால் மாற்றியவர் மீதுதான். ஆனால் “பழையபடி ஆக்கு” என்ற நோட்டீஸ் இன்றைய உரிமையாளருக்குத்தான் வரும், அதற்குக் காலவரம்பும் கிடையாது. அந்த ஜன்னல்களுக்கு அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று வழக்கறிஞர் மூலம் கேளுங்கள். இல்லையென்றால், மரச்சட்டத்தில் மேலும் கீழும் சறுக்கும் ஜன்னல்களைத் திரும்பப் பொருத்தும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

பாத் நகர வீடுகளில் முகப்பை மட்டும் பார்த்து முடிவெடுப்பது ஆபத்து. பிறை வடிவில் அமைந்த புகழ்பெற்ற வீட்டு வரிசையான ராயல் கிரசென்டையே பாருங்கள். 1767 முதல் 1774 வரை கட்டப்பட்ட அதன் 30 வீடுகளுக்கும் கட்டடக் கலைஞர் ஜான் வுட் (இளையவர்) ஒரே முகப்பை வகுத்தார். பின்னால் இருப்பதை அவரவர் விருப்பப்படி கட்டிக்கொண்டார்கள். பின்புறம் போய் நின்றால் கூரையின் உயரம்கூட வீட்டுக்கு வீடு ஒத்துப்போகாது. பக்கத்து வீடு உறுதியாக இருக்கிறது என்பதால் உங்கள் வீடும் அப்படித்தான் என்று எண்ணிவிட முடியாது.

கூரையைத் தெருவிலிருந்து பார்க்க முடியாது, கைப்பிடிச்சுவர் மறைத்துவிடும். பல வீடுகளில் இரண்டு சரிவுகளுக்கு நடுவே ஈயத்தகடு வேய்ந்த நீர்வாய்க்கால் ஓடுகிறது. அது அடைத்தாலோ கிழிந்தாலோ தண்ணீர் உள்ளே இறங்கி உத்தரங்களின் முனைகள் உளுத்துப்போகும். மேல்மாடி அறைகளில் புதிதாக வெள்ளையடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

சுவரிலும் கவனம் தேவை. தேன்நிறப் பாத் கல் மென்மையானது. சுண்ணாம்புக் காரை இருந்த இணைப்புகளில் சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் காரை வழியாக வெளியேறாமல் கல்லுக்குள் தங்கும். கல்லின் முகம் உதிர ஆரம்பிக்கும். பூசியவர் பெரும்பாலும் நல்லது செய்வதாக நினைத்துத்தான் பூசியிருப்பார். பக்கச் சுவர்கள் அண்டை வீட்டாருக்கும் பொதுவானவை என்பதால், அவற்றில் கை வைக்குமுன் 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி அவர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

கடன் தரும் வங்கியின் மதிப்பீட்டை வீட்டு ஆய்வு என்று எண்ணிவிடாதீர்கள். கடனுக்கு வீடு ஈடாகுமா என்பதுதான் வங்கியின் கவலை. பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள ஆய்வாளரிடம் மூன்றாம் நிலை ஆய்வு, அதாவது கட்டடத்தின் நிலையை மிக விரிவாகப் பார்க்கும் ஆய்வு, கேளுங்கள். கூரை வாய்க்காலையும் நிலவறையையும் பார்ப்பாரா என்று முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள்.