விமானம் திணறினால் உடனே கார்டை மாற்றாதீர்கள்

வீட்டு மேஜையில் விமானம் ஓட்டுகிறவர்கள் நம்மிடையே இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை. மிக்சி, வாஷிங் மெஷின் கேள்விகளை இந்த வாரம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஃப்ளைட் சிமுலேட்டர் (கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) கேள்விகளில் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான்கு வருடத்துக்கு முன் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். ரைசன் 5 3600 பிராசசர், பி450 போர்டு, 16 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 ஓட்டுகிறேன். கடல், வயல்வெளி மேலே வழுக்கிக்கொண்டு போகிறது. லண்டனை நெருங்கினால் திக்கித் திக்கி நிற்கிறது. கடையில் கேட்டால், "கார்டு பழசு, மாத்திடுங்க" என்று அறுபதாயிரத்துக்குக் கொட்டேஷன் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மாற்றலாமா?
— ஈரோடு வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் பத்து நிமிடச் சோதனை ஒன்று செய்யுங்கள். லண்டன் விமான நிலையம் ஒன்றில் விமானத்தை நிறுத்திவிட்டு, திரையின் ரெசல்யூஷனை ஒரு படி குறையுங்கள். கார்டுதான் திணறுகிறது என்றால் வேலை குறைந்ததும் ஃப்ரேம் எண்ணிக்கை (ஒரு நொடியில் திரையில் வரும் படங்கள்) சட்டென்று ஏற வேண்டும். ஏறாமல் அப்படியே நின்றால் கார்டு சும்மா உட்கார்ந்து பிராசசருக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். இதைச் சிமுலேட்டரே சொல்லவும் செய்யும். செட்டிங்கில் டெவலப்பர் மோடை ஆன் செய்து, ஃப்ரேம் எண்ணிக்கையைக் காட்டும் பெட்டியைத் திறந்தால் 'லிமிடட் பை மெயின் த்ரெட்' (பிராசசர் தடுக்கிறது) என்றோ 'லிமிடட் பை ஜிபியு' (கார்டு தடுக்கிறது) என்றோ எழுதியிருக்கும். வயல்வெளியில் வழுக்கி, நகரத்தில் திக்குகிறது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதல் வாசகம்தான் வரும் என்பது என் கணிப்பு.

"ஆனால் டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 40 சதவீதம்தானே காட்டுகிறது?" என்று கேட்பீர்கள். எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பின்கட்டில் ஆறு பேர் காய் நறுக்குகிறார்கள், பந்தியில் சாம்பார் ஊற்றுவதோ ஒரே ஆள். அவர் ஓடி ஓடிக் களைத்துப் போயிருக்க, மற்ற ஆறு பேரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கலாம். சராசரி பார்த்தால் ஆளுக்குக் கொஞ்சம்தான் வேலை, இலையில் மட்டும் சாம்பார் வராது. சிமுலேட்டரில் அந்தச் சாம்பார்காரர்தான் மெயின் த்ரெட். பிராசசருக்குள் கோர் என்று பல வேலையாட்கள் இருந்தாலும் அது ஒரு கோரிலேயே ஓடும். புகைப்படங்களிலிருந்து கட்டிய லண்டன், நியூயார்க் போன்ற நகரங்களில் அதற்கு மூச்சு முட்டும்.

செலவில்லாத வைத்தியத்தை முதலில் பார்ப்போம். சிமுலேட்டர் செட்டிங்கில் டெரெய்ன் எல்ஓடி (நிலப்பரப்பை எவ்வளவு விவரமாக வரைவது என்ற அளவு) 200-இல் இருந்தால் 100-க்கு இறக்குங்கள். தூரத்துக் கட்டிடங்கள் கொஞ்சம் தாமதமாகத் தெளியும், அவ்வளவுதான். விமான நிலையத்தில் ஓடும் வண்டிகள், நிற்கும் விமானங்களின் எண்ணிக்கையையும் பாதியாக்குங்கள். அப்புறம் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து ராமின் வேகத்தைப் பாருங்கள். 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ராம் அங்கே 2133 என்று காட்டினால், அசெம்பிள் செய்தவர் பயோஸில் ராமை முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பியை ஆன் செய்ய மறந்துவிட்டார் (சில போர்டுகளில் அதன் பெயர் டிஓசிபி). நண்பர்களின் கம்ப்யூட்டர்களில் இதை நான் பார்த்தது ஒன்றிரண்டு தடவை இல்லை. அதே பக்கத்தில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்றும் தெரியும். ஒரே குச்சியாக 16 ஜிபி இருந்தால் அதுவும் ஒரு முட்டுக்கட்டை. ராம் இரண்டு குச்சியாக, ஜோடியாகத்தான் இருக்க வேண்டும்.

செலவு என்று வந்தால் ராமில் தொடங்குங்கள். இந்த 2024 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம் 16 ஜிபி, பரிந்துரை 32. அதிலும் திருப்தி வராவிட்டால் பிராசசருக்குப் போங்கள். உங்கள் பி450 போர்டில் ரைசன் 7 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி உட்காரும். 3600-இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) 32 எம்பி, இவற்றில் 96 எம்பி. சிமுலேட்டர்களுக்கு இந்தக் கேஷ் அப்படிப் பிடிக்கும். ஒரே சங்கடம், இரண்டுமே பழைய தலைமுறை என்பதால் புதுப் பெட்டி கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் யாராவது போனால் விசாரிக்கச் சொல்லுங்கள். பெட்டிக்குள் கூலர் வராது, அதற்குத் தனியாகப் பணம் வைக்க வேண்டும். பழைய பிராசசரைக் கழற்றுவதற்கு முன்பே பயோஸைப் புதுப்பித்துவிடுங்கள். கழற்றிய பிறகு நினைவுக்கு வந்தால் மறுபடி மாட்டிக் கழற்ற வேண்டியதுதான். அதைவிடப் புதிய தலைமுறையான 7800எக்ஸ்3டி பக்கம் ஆசை போனால் போர்டு, ராம் எல்லாமே மாறும், அதை மேம்படுத்தல் என்று சொல்ல முடியாது, புதுக் கம்ப்யூட்டர் என்றுதான் சொல்ல வேண்டும்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதிய கார்டுகளில் ஃப்ரேம் ஜெனரேஷன் இருக்கிறது. இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே கார்டே ஒன்றை வரைந்து சொருகும், திரையில் எண்ணிக்கை ஏறும். ஆனால் நீங்கள் கையை அசைப்பதற்கும் விமானம் திரும்புவதற்கும் இடையே உள்ள தாமதம் அதனால் குறையாது. சாம்பார்காரர் அதே ஆள்தானே.

இன்னொன்று. கட்டிடங்கள் உருகிய மெழுகு மாதிரி தெரிந்தால் அது பிராசசரும் இல்லை, கார்டும் இல்லை. நிலப்பரப்பு இணையம் வழியாக வருகிறது, நெட் போதவில்லை. இதற்குக் குறைந்தது 10 எம்பிபிஎஸ், வசதியாக ஓட 50 கேட்கிறார்கள். வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிள் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ஜாய்ஸ்டிக் வாங்கி எட்டு மாதம். கையை எடுத்தாலும் விமானம் தானாக இடது பக்கம் சாய்கிறது. விற்றவரிடம் கேட்டால், "இது இம்போர்ட் சரக்கு, இந்திய வாரண்டி கிடையாது" என்கிறார். ஆனால் வாங்கும்போது பக்கத்தில் ஒரு வருட வாரண்டி என்று போட்டிருந்தது.
— திருநெல்வேலி வாசகர்

பதில்: சண்டைக்குப் போகும் முன் குற்றவாளி ஜாய்ஸ்டிக்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் ஓட்டுவது செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானம் என்றால், முழு த்ராட்டிலில் (எஞ்சின் முழு சக்தியில் ஓடும்போது) இடது பக்கம் இழுப்பது அதன் பிறவிக் குணம். நிஜ விமானிகளும் வலது ரடரை (வாலில் இருக்கும் திசைமாற்றியின் பெடல்) மிதித்துக்கொண்டேதான் ஏறுகிறார்கள். எரிபொருள் ஒரு பக்கத்து டேங்கிலிருந்து மட்டும் போய்க்கொண்டிருந்தாலும் மறுபக்கம் கனத்துச் சாயும்.

இது இரண்டும் இல்லையென்றால், விண்டோஸ் தேடலில் 'செட் அப் யுஎஸ்பி கேம் கன்ட்ரோலர்ஸ்' என்று தட்டி, ஜாய்ஸ்டிக்கின் பிராப்பர்ட்டீஸைத் திறங்கள். கையை எடுத்துவிட்டுச் சிலுவைக் குறியைக் கவனியுங்கள். அது நடுவில் ஆடாமல் நின்றால் ஜாய்ஸ்டிக் நிரபராதி. பெரும்பாலும் சிமுலேட்டருக்குள் இரண்டு சாதனங்கள் ஒரே அச்சுக்கு (அசைவின் திசைக்கு) போட்டி போடும், எங்கோ செருகி மறந்துபோன கேம்பேட் மாதிரி. குறி நடுங்கினாலோ ஓரமாக ஒதுங்கி நின்றாலோ உள்ளே அசைவை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கிறது அல்லது தூசி பிடித்திருக்கிறது. கார்பன் தடத்தின் மேல் ஒரு கம்பி உரசிக்கொண்டே இருக்கும் பொருள், தேயத்தான் செய்யும். சிமுலேட்டரில் டெட் ஸோனை (நடுவில் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத இடம்) 5 சதவீதம் வைத்தால் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். கழற்றி கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பல சமயம் சரியாகும். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே வேண்டாம், எண்ணெய்ப் பசையில் தூசி இன்னும் ஒட்டும். ஆனால் வாரண்டி விவகாரம் முடியும்வரை ஸ்குரூ டிரைவரைத் தொடாதீர்கள்.

இப்போது விற்றவர் கதை. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி வாரண்டி, ரிட்டர்ன், ரீஃபண்ட் விவரங்களை விற்பவர் முன்கூட்டியே காட்ட வேண்டும். இறக்குமதிப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வருடம் என்று போட்டுவிட்டு எட்டாவது மாதம் கை விரிக்க முடியாது. அந்தப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு வரி மாறியிருக்கும். பில்லையும், குறி நடுங்குவதைப் படம் பிடித்த வீடியோவையும் சேர்த்து, நீங்கள் வாங்கிய தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். என் அனுபவத்தில் முக்கால்வாசி தகராறுகள் குறைதீர் அதிகாரி, 1915 என்ற இரண்டு படியிலேயே முடிந்துவிடுகின்றன.

அடுத்த தடவை வாங்கும்போது காந்தத்தில் வேலை செய்யும் ஹால் சென்சார் உள்ளதாகப் பாருங்கள். உரசல் இல்லை, தேய்மானம் இல்லை. பெட்டியில் ஹால் என்று போட்டிருந்தால் எந்தெந்த அச்சுக்கு என்று கேளுங்கள். முன்பின், இடவலம் இரண்டுக்கு மட்டும் ஹால் வைத்துவிட்டு, திருகும் அச்சுக்குப் பழைய பொட்டென்ஷியோமீட்டரையே வைப்பது சகஜம்.

கேள்வி: யோக் (விமானத்தின் ஸ்டீயரிங்), த்ராட்டில், ரடர் பெடல் மூன்றையும் ஒரே யுஎஸ்பி ஹப்பில் மாட்டியிருக்கிறேன். பறந்துகொண்டிருக்கும்போதே ஏதாவது ஒன்று காணாமல் போகிறது.
— ஷார்ஜா வாசகர்

பதில்: உங்கள் ஹப்புக்குத் தனி அடாப்டர் இருக்கிறதா? இல்லையென்றால் அதுதான் காரணமாக இருக்கும். யுஎஸ்பி 2 போர்ட் ஒன்று தருவது 500 மில்லி ஆம்பியர், அதை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அடாப்டருடன் வரும் ஹப் வாங்குங்கள், அல்லது மூன்றையும் கேபினெட்டின் பின்பக்கம், நேராக மதர்போர்டில் செருகுங்கள். அதோடு விண்டோஸின் கஞ்சத்தனத்தையும் நிறுத்த வேண்டும். பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யுஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்திலும், மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

என் வீட்டிலும் பெடல் இப்படித்தான் காணாமல் போய்க்கொண்டிருந்தது, அதுவும் தரையிறங்கும் நேரம் பார்த்து. டிரைவர் மாற்றினேன், ஹப் மாற்றினேன், விண்டோஸையே புதிதாகப் போட்டேன். கடைசியில் பார்த்தால், பதற்றத்தில் நான் நாற்காலியைப் பின்னால் தள்ளும்போது அதன் சக்கரம் கேபிள் மேல் ஏறிக்கொண்டிருந்தது.

கேள்வி: மகள் பைலட் ஆக வேண்டும் என்கிறாள். பிளஸ் டூ படிக்கிறாள். இரண்டு லட்சத்தில் நல்ல சிமுலேட்டர் வைத்துக் கொடுத்தால் பயிற்சி மணி நேரத்தில் சேருமா?
— மதுரை வாசகி

பதில்: சேராதும்மா. கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வீட்டு சிமுலேட்டரில் ஓட்டிய ஒரு நிமிடத்தைக்கூட டிஜிசிஏ (லைசென்ஸ் தரும் மத்திய அரசின் விமானத் துறை அமைப்பு) அதில் சேர்க்காது. கருவிகளைப் படிக்க, செக்லிஸ்ட் மனப்பாடமாக, ரேடியோவில் பேசப் பழக வீட்டு சிமுலேட்டர் உதவும். அதற்குச் சாதாரண ஜாய்ஸ்டிக்கும் எக்ஸ்-பிளேன் 12-இன் இலவச டெமோவும் போதும், ஃப்ளைட்கியர் முழுக்கவே இலவசம். அந்தப் பணத்தில் கொஞ்சம் எடுத்து முதலில் டிஜிசிஏ மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். இரண்டாம் வகுப்பு, அதன் பின் முதல் வகுப்பு. பறக்கும் பள்ளியில் பெரிய தொகை கட்டிய பிறகு கண்ணிலோ காதிலோ ஏதாவது தட்டினால் யாரிடம் போய்க் கேட்பது?

கேள்வி: கரண்ட் போனால் வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் மற்ற நேரமெல்லாம் தாங்குகிறது. சிமுலேட்டர் ஓடும்போது மட்டும் பீப் என்று கத்திவிட்டுக் கம்ப்யூட்டரோடு அணைந்துவிடுகிறது. பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள்.
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: மற்ற நேரம் தாங்குகிறது என்றால் பேட்டரியில் பெரிய குறை இருக்காது. 600 விஏ என்று எழுதியிருந்தாலும் அது தரக்கூடியது சுமார் 360 வாட்தான். விஏவையும் வாட்டையும் ஒன்றென்று நினைக்க வைத்தே பாதி வியாபாரம் நடக்கிறது. மெயில் பார்க்கும்போது 100 வாட் கேட்கும் கம்ப்யூட்டர், கார்டு முழு மூச்சில் ஓடும்போது மானிட்டரோடு சேர்த்து 360-ஐத் தாண்டிவிடும். வீட்டில் ஸ்பீக்கர், இரண்டாவது மானிட்டர், ரௌட்டர் எல்லாம் அதே யுபிஎஸ்ஸில் இருந்தால் முதலில் ஸ்பீக்கரையும் இரண்டாவது மானிட்டரையும் கழற்றிவிட்டு ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். அப்படியும் அணைந்தால், வாட் கணக்கைக் கேட்டு 1 கேவிஏ (1000 விஏ) அல்லது அதற்கு மேல் ஒன்று வாங்குங்கள். பழைய யுபிஎஸ்ஸைத் தூக்கிப் போட வேண்டாம், ரௌட்டருக்கு வைத்தால் நெட் நிற்காமல் ஓடும்.